தரங்கம்பாடிக்கு ஒரு நாள் பயணம்

ஆண்டுதோறும் தை மாதத்தில் எங்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது, திருச்சபை வரலாறு கற்பிக்கும் எனக்குரிய கடமைகளுள் ஒன்றாகும். விடியுமுன் பேருந்து புறப்படும். மயிலாடுதுறையில் இட்டிலியும் காப்பியும் முடித்துக்கொண்டு, கதிர் முற்றிய வயல்களின் ஊடே கிழக்கு நோக்கிச் சென்றால் பத்து மணியளவில் கடற்காற்று முகத்தில் படும். மாலையில் திரும்பிவிடலாம். இத்தகைய பயணத்தை மாணவர் உல்லாசப் பயணமென்றே கருதுவர். அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் ஒரு பழைய ஊரை ஒரு நாளில் சுற்றிப்பார்க்கும்போது நாம் எதைக் காண்கிறோம், எதைக் காணாமல் விட்டுவருகிறோம் என்பதைக் குறித்து அண்மையில் எனக்கு ஒரு கலக்கம் உண்டாயிற்று. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் அவ்வூரை முதன்முதல் கண்டது சிறுவனாயிருந்தபோது, தகப்பனாருடன். அந்நாளில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை மீட்டர் பாதையில் இரயில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஊர் எல்லையில் இறங்கியதும் தகப்பனார் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். சீகன்பால்கு ஐயர் நடந்த மண் இது என்பது அவர் கூறிய காரணம். சுடுமணலில் கால் வெந்தது இன்றும் நினைவிலுள்ளது. பிற்காலத்தில் நான் ஆசிரியனாகி மாணவரை அழைத்துச் சென்றபோதும், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லையே தவிர, ஏறத்தாழ அதே பாவனையில்தான் ஊரைக் காட்டி வந்தேன்.

ஊரின் மேற்கு வாயிலில் டேனிய அரச முத்திரை பொறித்த வெண்ணிற நகர வாயில் நிற்கிறது. அது 1792ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனுள் நுழைந்தால் நேரே கடல்வரை செல்வது ராஜ வீதி. அகலமான, அமைதியான தெரு. இரு மருங்கிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களையுடைய பழைய வீடுகள். தமிழ்நாட்டில் இப்படியொரு தெரு உண்டோ என்று புதிதாய் வருவோர் வியப்பர். இதன் வரலாறு 1620இல் தொடங்குகிறது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் அவ்வாண்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. டேனியத் தளபதி ஓவே கியெட்டே என்பவர் கோட்டை கட்டத் தொடங்கினார். நாயக்கர் விடுத்த ஓலை பொன்னேட்டில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகனில் போற்றிக் காக்கப்படுகிறது. இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1845இல், இந்தியாவிலிருந்த டேனியக் குடியேற்றங்கள் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. வணிகத்திற்காக வந்தவர்கள் கணக்குப் பார்த்து விற்றுவிட்டுப் போனார்கள் எனலாம்.

ஆனால் டேனியருக்கு முன்பும் அங்கே ஊர் இருந்தது. கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. அது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டில் காணப்படுகிறது. கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பெரும்பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். வேதபாட மாணவர் சிலர் அதன் அருகே செல்லத் தயங்குவதுண்டு. அவர்களை வற்புறுத்தி அழைத்துச் செல்வேன். ஊரை அறிய விரும்புகிறவன் ஊரின் மூத்த கட்டடத்தை ஒதுக்கிவிட்டுப் போவது எவ்வாறு?

ராஜ வீதியில் இரண்டு ஆலயங்கள் உள்ளன. ஒன்று 1701இல் டேனியர் தங்களுக்கெனக் கட்டிக்கொண்ட சீயோன் ஆலயம். இப்பொழுது அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. மற்றொன்று, அதற்குச் சிறிது தொலைவிலேயே, 1718இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம். இது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. முகப்பில் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் உள்ளன. ஒரே தெருவில், பதினேழு ஆண்டு இடைவெளியில், ஒரே சமய மரபினர்க்கு இரண்டு ஆலயங்கள் ஏன் வேண்டியிருந்தன? வெள்ளையர்க்கு ஒன்று, தமிழர்க்கு ஒன்று என்ற விடையை மாணவர் விரைவில் கண்டுகொள்வர். அதில் அவர்கட்குச் சினமும் பிறக்கும். பிறரது தவற்றைக் காண்பது எளிதன்றோ.

கோட்டைக்குள் மதிய வேளையில் செல்வதே வழக்கம். வெயிலுக்கு அதன் கனத்த சுவர்கள் நிழல் தரும். மேல் தளத்தில் அதிகாரிகளின் இருப்பிடமும், கீழ்த் தளத்தில் பண்டகசாலைகளும் சிறையறைகளும் இருந்தன. 1978 முதல் அது தமிழ்நாடு தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிறிய அருங்காட்சியகமொன்றும் உண்டு. அங்கே நான் நெடுநேரம் நின்று சொல்லும் வரலாறு சீகன்பால்கின் சிறைவாசம். 1706 ஜூலை 9ஆம் நாள் பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் இவ்வூருக்கு வந்து சேர்ந்தனர். மன்னர் அனுப்பிய மிஷனெரிமார் ஆயினும், இங்கிருந்த டேனிய அதிகாரி ஹாசியஸ் அவர்களை விரும்பவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதை முன்னிட்டு, 1708 நவம்பரில் சீகன்பால்கு சிறையிலடைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் அங்கே கிடந்தார். மணலில் எழுத்துப் பயிலும் சிறுவருடன் தாமும் அமர்ந்து தமிழ் கற்ற அவர், சிறைப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். 1711இல் அதை முடித்தார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சேறின. அடுத்த ஆண்டில் மற்றப் பகுதிகளும் வந்தன. ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கியபடியால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதத்திற்கெனப் பொறையாற்றில் ஆலையும் ஏற்படுத்தினார்கள்.

இவ்விடத்தில் மாணவர் வழக்கமாகச் சொல்லும் பிழைகளைத் திருத்த வேண்டியிருக்கும். தமிழில் முதல் அச்சுநூல் தரங்கம்பாடியில் தோன்றியதன்று. அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இலேயே கொல்லத்தில் அச்சாயிற்று. முழு வேதாகமத்தையும் சீகன்பால்கே மொழிபெயர்த்தார் என்பதும் சரியன்று. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் புத்தகம் வரையே சென்றார். எஞ்சியதை முடித்தவர் பெஞ்சமின் சூல்ச் ஐயர். நம்மவர் புகழைக் கூட்டிச் சொல்வதில் நமக்குள்ள ஆவல், கத்தோலிக்கருக்கும் பின்வந்தோருக்கும் உரியதைப் பறித்துக்கொள்ளும் அளவுக்குச் சென்றுவிடுகிறது. சீகன்பால்குக்கு இரவல் புகழ் தேவையில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெருநூல், அதை வெளியிட ஹாலேயிலிருந்தோர் விரும்பாமையால், 1867இல்தான் சென்னையில் அச்சேறிற்று. தாம் வென்றெடுக்க வந்தவரின் சமயத்தை அவ்வளவு பொறுமையாகக் கேட்டெழுதிய மனிதர் அவர். முப்பத்தாறாம் வயதில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் மறைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த ஆலயத்தில்தான், மூன்று ஆண்டுகளுக்கு முன், எனக்குக் கலக்கம் உண்டாக்கிய கேள்வி எழுந்தது. அன்று வழக்கம்போல் ஆலயத்தின் நடுவில் நின்று, இது சிலுவை வடிவில் எழுப்பப்பட்டதென்றும், நான்கு கைகளும் சந்திக்கும் இடத்தை நோக்குமாறும் மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இச்சொற்பொழிவு எனக்கு மனப்பாடம். நான் நிறுத்தியதும், வகுப்பில் அதிகம் பேசாத மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தக் கோயில் கட்டின காலத்தில் என் முன்னோர் இங்கே வந்திருந்தால் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்?” என்று கேட்டார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் அவர். குரலில் கோபமில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார்.

விடை எனக்குத் தெரியும். நூல்களில் படித்திருக்கிறேன். வகுப்பறையில் ஒரு வரியில் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் அந்த இடத்தில் நின்று அதுவரை ஒருமுறையும் சொன்னதில்லை. ஐரோப்பிய உடையணிந்த சபையார்க்கு ஆசனங்கள் இருந்தன. மற்றவர்கள் தரையில் அமர்ந்தார்கள். தரையில் அமர்ந்தவர்களும் ஒன்றாக அமரவில்லை. சாதியால் உயர்ந்தோரெனப்பட்டவர்கள் ஒருபுறம், பறையர் சமூகத்தார் ஒருபுறம், இடையே வெற்றுத் தரை. ஆலயத்தின் வடிவம் சிலுவை. அமர்ந்த முறை ஊரின் முறை. மிஷனெரிமார் இதை உண்டாக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதற்கு அவர்கள் காட்டிய காரணங்களும் உண்டு: மற்றவர் சபையை விட்டுப் போய்விடுவார்கள், நாளடைவில் மாறும், இது உலக வழக்கமேயன்றிச் சமயக் காரியமன்று என்றெல்லாம். இவற்றை நான் அம்மாணவருக்குச் சொன்னபோது, சீயோன் ஆலயத்தின் முன் வெள்ளையர்மேல் சினங்கொண்ட வகுப்பு முழுவதும் தலைகவிழ்ந்து நின்றது. அந்தக் காரணங்களை அவர்களுள் பலர் தங்கள் சொந்தச் சபைகளில் இக்காலத்திலேயே கேட்டிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். நானும் கேட்டிருக்கிறேன். நான் இளம் ஊழியனாய்ச் சென்ற ஒரு சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவரைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லதென மூத்தவர்கள் அறிவுரை கூறினர். நான் இரண்டாண்டு அங்கே இருந்தேன், பேசவில்லை.

அன்று மாலை ஆலயப் படிகளில் அமர்ந்து, பயணத் திட்டத்தில் இல்லாத ஒருவரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அவர் பெயர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரனாயிருந்தவர், பறையர் சமூகத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் அவர் கைக்குக் கிட்டின. மிஷனெரி எவரும் அவரைத் தேடிச் செல்லவில்லை. நூலைப் படித்து, அது எங்கிருந்து வந்ததோ அவ்விடத்தைத் தேடிக்கொண்டு அவரே வந்தார். பின்பு படைத்தொழிலை விட்டு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபைகளை உருவாக்கினார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன், இந்தியரில் முதல் புரொட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம் பெற்றார் என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். தேர்வில் தவறாமல் எழுதுவர். ஆரோன் கடலூர் வேளாளர் குடும்பத்தவர், சிறந்த ஊழியர், அவர் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1741இல் இரண்டாவதாக அபிஷேகம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவரது தகுதியை எவரும் மறுக்கவில்லை. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்ற அச்சமே அவரை நிறுத்திற்று. இதை மறைத்தவர்கள் மிஷனெரிமார் அல்லர். அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்து நாம்தான் அப்பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிட்டோம். இராஜநாயக்கன் மனங்கசந்து விலகிப்போகவில்லை. 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே உழைத்தார்.

தம் மார்க்கத்திற்கு அவரை வரவழைத்த நூலை அச்சிட்ட ஊர், அவர் கையில் அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுக்க மறுத்தது. இவ்விரண்டும் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுகிற வழிகாட்டி அரை ஊரைத்தான் காட்டுகிறான்.

இச்சிக்கல் தரங்கம்பாடியோடு முடிந்துவிடவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியேல் வில்சன், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டார். அப்போது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்குழப்பம் விளைந்தது. எதிர்த்து நின்றவர்களுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். நாம் இன்றும் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளை இயற்றிய அவரே, ஆலயத்தில் சேர்ந்தமர்வதை மறுத்து எழுதினார் என்பது முதன்முறை கேட்போர்க்கு நம்பக் கடினமாயிருக்கும். பின்வந்த லைப்சிக் மிஷனில் கார்ல் கிரால் போன்றோர் சாதியை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டனர். இவ்வரலாற்றை இங்கு விரிப்பின் பெருகும்.

அந்நாளிலிருந்து பயணத்தின் வரிசையை மாற்றிவிட்டேன். இப்பொழுது முதலில் செல்வது கடற்கரை. சீகன்பால்கு 1707 ஆகஸ்டில் பிரதிஷ்டை செய்த முதல் எருசலேம் ஆலயம் கரையோரத்தில் இருந்தது. அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. காட்டுவதற்கு ஒரு செங்கல்லும் இல்லை. மாணவருக்கு ஏமாற்றமாயிருக்கும், புகைப்படம் எடுக்க அங்கே அலைகளைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெறுமையான இடத்தில் நிறுத்தி, இம்மிஷனில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யாரென்று கேட்கிறேன். 1707 மே 12ஆம் நாள், ஆலயம் கட்டி முடியுமுன்னரே, ஐவர் ஞானஸ்நானம் பெற்றனர். ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். தென்னிந்தியப் புரொட்டஸ்டண்டு திருச்சபையின் முதற்கனிகள் அவர்கள். ஊரில் அவர்களுக்குத் தனிச் சிலையில்லை. ராஜ வீதியில் அவர்கள் பெயரால் வீடுமில்லை. கடலின் கொடுமையையும் அங்கேதான் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் அதே கரையில் வாழ்ந்த மீனவ மக்களுள் எத்தனையோ பேரைச் சுனாமி வாரிக்கொண்டு போயிற்று. அந்த நாளைப் பற்றி மீனவக் குடும்பத்தார் எவரேனும் பேச முன்வந்தால், அன்று கோட்டைக்குப் போக நேரமில்லாமற் போனாலும் நான் வருந்துவதில்லை.

அடுத்து மாசிலாமணிநாதர் கோயில், பின்பு கோட்டை. பகலுணவு பெரும்பாலும் கல்லூரியிலிருந்து கொண்டுபோகும் புளிச்சோறு. உணவுக்குப்பின் சீயோன், அதன்பின் புதிய எருசலேம். ஆலயத்தில் இப்பொழுது நான் நெடும்பேச்சுப் பேசுவதில்லை. மாணவரைத் தரையில் அமரச் சொல்லி, இராஜநாயக்கனின் கதையை அவர்களுள் ஒருவரே எழுதிவந்து வாசிக்கும்படி முன்னதாகவே ஏற்பாடு செய்துவிடுகிறேன். கேள்வி கேட்ட அந்த மாணவர் தற்போது ஒரு கிராமச் சபையில் ஊழியத்திலிருக்கிறார். சென்ற ஆண்டு தம் சபையின் வாலிபர் இருபது பேருடன் வேனில் தரங்கம்பாடிக்குச் சென்றதாகக் கடிதம் எழுதியிருந்தார். எனது வரிசையை அவர் பின்பற்றவில்லை. முதலில் நேரே புதிய எருசலேம் ஆலயத்திற்குள் சென்று, பிள்ளைகளை அவரவர் விரும்பிய இடத்தில் அமரச் சொன்னாராம். இரண்டு சிறுவர் பலிபீடத்தின் அருகே போய் உட்கார்ந்தார்களாம். கோயிற்குட்டியார் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாராம்.